வைல்ட்லைஃப் பயாலஜி எம்.எஸ்சி.: போட்ட காசு திரும்புமா?

கரூர் ஜவுளி, 2024 மே 19

மகள் பி.எஸ்சி. ஜுவாலஜி முடித்துவிட்டாள். அடுத்து வைல்ட்லைஃப் பயாலஜி எம்.எஸ்சி.தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அம்மா பி.எட். போகச் சொல்கிறாள். எனக்கு யானை, புலி எல்லாம் பிடிக்கும், டிவியில். மொத்தம் எவ்வளவு செலவாகும், முடித்தபின் மாதம் எவ்வளவு வரும்? ஒரு சொந்தக்காரர் ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகிவிடலாம் என்கிறார். இன்னொருவர் சோத்துக்கே திண்டாட்டம் என்கிறார். படித்தவர்கள் யாராவது கணக்காகச் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், எண்கள் போதும்.

செம்போத்து, 2024 மே 19, இரவு

இதே படிப்பை முடித்து 2013-இல் வெளியே வந்தவள் நான். இன்று சோறு கிடைக்கிறது. ஃபாரஸ்ட் ஆபீசர் ஆகவில்லை. உங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி மார்க் போடலாம்.

எண்களை நாளை போடுகிறேன், பழைய நோட்டைத் தேட வேண்டும். அதுவரை ஒன்றே ஒன்று: கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள் அண்ணா. இந்தப் படிப்பில் பெரிய செலவு அது இல்லை.

செம்போத்து, 2024 மே 20

நோட்டு கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் அட்டை கடித்த ரத்தக் கறை இருந்தாலும் எழுத்து தெரிகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு என்றதும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும்தான் முதலில் பேச்சில் வரும். நான் எதில் படித்தேன் என்று சொல்லப்போவதில்லை, இந்தத் துறை ரொம்பச் சின்னது. இரண்டு வருஷத்துக்குக் கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய். விடுதி, மெஸ் 62,000. வகுப்போடு போன ஃபீல்டு பயணங்கள் 14,000. பைனாகுலர் 7,500, அதுவும் ஒரு சீனியரிடம் வாங்கிய பழையது. கடைசி செமஸ்டர் டிசர்டேஷன், அதாவது சொந்தமாகச் செய்யும் ஆய்வேடு, 38,000. கூட்டினால் 1,42,500.

டிசர்டேஷன் செலவைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ப்ராஸ்பெக்டஸில் இந்த வரி இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் சாம்பல் நிற அணிலின் கூடுகளை எண்ணும் வேலை எடுத்திருந்தேன். தனியாகப் போகக் கூடாது, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவருக்கு நாள் கூலி. தங்க வாடகை அறை. அடிவாரம் வரை ஆட்டோ. மழையில் நனைந்து செத்துப்போன பேட்டரிகள். நல்ல பேராசிரியர், நடக்கும் ப்ராஜெக்ட் ஏதாவதில் மாணவியைச் சேர்த்துவிட்டால் இந்தச் செலவு முழுவதும் ப்ராஜெக்டில் போய்விடும். எனக்கு அது அமையவில்லை. மாந்தோப்புக்காரர்கள் மதியச் சாப்பாடு போட்டதால்தான் 38,000 தாண்டவில்லை.

இன்றைய விலைக்கு எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 3 லட்சத்துக்குள் முடியும். சுயநிதிப் பிரிவு என்றால் கட்டணத்தை மட்டும் தனியாகக் கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

செம்போத்து, 2024 மே 20, பதினைந்து நிமிஷம் கழித்து

ஒரு செலவு விட்டுப்போயிற்று. கேமரா. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் படிக்க வந்தார்களா படம் பிடிக்க வந்தார்களா என்றே தெரியாது. ஒரு பையன் 150-600 லென்ஸுக்காக நகைக்கடன் வாங்கினான், அவன் அம்மா நகை. படிப்புக்குப் பெரிய லென்ஸ் தேவையே இல்லை. மகள் கேட்டால் "முதல் சம்பளத்தில் வாங்கிக்கோ" என்று சொல்லுங்கள். முதல் சம்பளத்தைப் பார்த்ததும் அவளே மறந்துவிடுவாள்.

செம்போத்து, 2024 மே 22

வரவுப் பக்கம்.

என் முதல் சம்பளம் மாதம் 12,000. ஒரு தொண்டு நிறுவனத்தின் எட்டு மாத ப்ராஜெக்ட். பி.எஃப். கிடையாது, விடுப்புச் சம்பளம் கிடையாது. வேறொரு இடத்தில் மூன்று மாதச் சம்பளம் நிதி வரவில்லை என்று நின்று, பிறகு மொத்தமாக வந்தது. வந்ததே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது நிலைமை தேவலை. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ப்ராஜெக்ட் அசோசியேட் வேலைக்கு நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி இருந்தால் 37,000, இல்லாவிட்டால் 30,000. இந்த விகிதங்கள் அரசு நிதிக்கு மட்டும். தொண்டு நிறுவனங்கள் தங்களால் முடிந்ததைத் தரும். சில இதைவிட நன்றாகவே தரும், பல தராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு 12 மாதமும் சம்பளம் என்று பெருக்கிவிடாதீர்கள். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி இருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக ப்ராஜெக்டின் முடிவுத் தேதி தள்ளிப் போகாது. அதனால் ஆட்களைத் தாமதமாக எடுத்து, சீக்கிரம் விடுவிப்பார்கள். நான் என் கணக்கில் வருஷத்துக்கு 9 மாதம்தான் வைத்துப் பெருக்குவேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. காட்டு முகாமில் செலவழிக்க இடமே இல்லை. தங்குமிடம் இலவசம், அரிசி பருப்பு பங்கு போட்டுக்கொள்வோம், பக்கத்துக் கடைக்குப் போக ஒரு நாள் ஆகும். 12,000 சம்பளத்தில் 7,000 மிச்சம் பிடித்த மாதங்கள் எனக்கு உண்டு. சென்னையில் 25,000 வாங்கிய என் தம்பி மாசக் கடைசியில் என்னிடம்தான் கடன் கேட்டான்.

செம்போத்து, 2024 மே 23

மேலே ஒருவர் "இந்தப் படிப்பு படித்தால் ஐ.எஃப்.எஸ். நேரடியாகப் போகலாம்" என்று எழுதியிருக்கிறார். திருத்திவிடுகிறேன், நிறைய அப்பாக்கள் இந்த நம்பிக்கையில்தான் ஃபீஸ் கட்டுகிறார்கள்.

ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வனப் பணிக்கு யு.பி.எஸ்.சி. கேட்கும் இளநிலைப் பாடங்கள்: கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் (புவியியல் அல்ல), கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல். இல்லையென்றால் விவசாயம், வனவியல் அல்லது பொறியியல் பட்டம். வைல்ட்லைஃப் என்ற பெயர் பட்டியலிலேயே இல்லை. உங்கள் மகள் எழுதலாம், ஆனால் அது கையில் இருக்கும் பி.எஸ்சி. ஜுவாலஜியின் தயவு. எம்.எஸ்சி.க்கு அங்கே தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. எஞ்சினியரிங் முடித்து, மைனாவுக்கும் நாகணவாய்க்கும் வித்தியாசம் கேட்டவர்கள் எல்லாம் தேர்வாகி டேராடூனில் பயிற்சி எடுத்து நல்ல அதிகாரிகளாக இருக்கிறார்கள். (இரண்டும் ஒரே பறவை.) தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100.

மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஃபாரஸ்ட் அப்ரெண்டிஸ் தேர்வு ரேஞ்சர் வேலைக்கான வாசல். அதில் ஜுவாலஜி, வைல்ட்லைஃப் பயாலஜி எல்லாம் ஏற்பார்கள், 37,700-இல் தொடங்கும் சம்பளம். ஆனால் வனவியல் பட்டம் முடித்தவர்களுக்கு முன்னுரிமை, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிப் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். தவிர அறிவிப்பு எப்போது வரும் என்று உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் நாட்டில் காட்டை நிர்வகிப்பது காக்கி உடுப்பு போட்ட துறை. அந்த உடுப்பு தேர்வு எழுதிக் கிடைப்பது, பட்டத்தால் கிடைப்பதில்லை. டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் 1982-இல் தொடங்கியது. அங்கே வன உயிரின மேலாண்மையில் 10 மாத முதுநிலை டிப்ளமோ நடக்கிறது. யாருக்கு? ஏற்கெனவே பதவியில் இருக்கும் வன அதிகாரிகளுக்கு. முதலில் நாற்காலி, அப்புறம் படிப்பு, படிக்கும்போதும் சம்பளம். நாம் எம்.எஸ்சி.யில் படிப்பது ஆராய்ச்சி. டிரான்செக்ட் போடுவது (காட்டில் ஒரே கோட்டில் நடந்து விலங்குகளை எண்ணுவது), மாதிரி எடுப்பது, புள்ளியியல், கட்டுரை எழுதுவது. மகளுக்கு ஆராய்ச்சி பிடித்தால் சரியான படிப்பு. ஜீப்பில் ரோந்து போய் மரக் கடத்தல்காரனைப் பிடிக்க ஆசை என்றால் அந்த இரண்டு வருஷத்தைத் தேர்வுக்குப் படிக்கச் செலவிடலாம்.

செம்போத்து, 2024 மே 25

டெக்ஸாஸ் அண்ணாச்சி கேட்கிறார், அங்கே வைல்ட்லைஃப் மேனேஜ்மென்ட் என்றே டிகிரி இருக்கிறதே, வேலையும் கிடைக்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று.

அங்கே அதற்குக் காசு தருவது வேட்டைக்காரர்கள். 1933-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்டோ லியோபோல்டுக்காக வேட்டை விலங்கு மேலாண்மைக்கென்றே பேராசிரியர் பதவி உண்டாக்கினார்கள். 1937-இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வரும் கலால் வரி மாநிலங்களின் கானுயிர்த் துறைகளுக்குப் போகிறது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம். வேட்டை உரிமக் கட்டணம் தனி. எத்தனை மான் இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை சுடலாம் என்று சொல்ல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிகிரிக்காரர். 2023-இல் அங்கே கானுயிர் உயிரியலாளர்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 70,600 டாலர்.

நம்மிடம் இப்போது வேட்டை இல்லை. நல்லது, வேண்டவும் வேண்டாம். ஆனால் அந்த வகைக் காசும் இல்லை, அந்த வகை வேலையும் இல்லை. அதனால் அண்ணாச்சி, உங்கள் ஊர்ச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கி இங்கே போட்டு கரூர்க்காரரைக் கலவரப்படுத்தாதீர்கள்.

வெளிநாட்டில் எம்.எஸ்சி. என்று மகள் கேட்டால் உதவித்தொகை கிடைத்தால் மட்டும். ஸாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009-இல் காலமான ரவி சங்கரன் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை ஒரு ஃபெலோஷிப் வைத்திருக்கிறது. அந்த மாதிரி ஏதாவது. சொந்தக் காசில் பல லட்சம் போட்டு இந்தத் துறைக்கு வெளிநாடு போவதை, என் தங்கையாக இருந்தால், வாசலில் படுத்தாவது தடுப்பேன்.

செம்போத்து, 2024 மே 26

இல்லை, எனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாது. இந்த இழையில் மூன்றாவது ஆள் கேட்டுவிட்டார். என் மாமியார் வீட்டுத் தெருவில் ஏழு வருஷமாகக் கேட்கிறார்கள்.

செம்போத்து, 2024 மே 29

கல்விக்கடன் பற்றிக் கரூர் அண்ணா தனியாகக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கேயே.

4 லட்சம் வரை உங்கள் கையிலிருந்து பங்கு போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். படிக்கும் காலமும் முடித்து ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வட்டிக்கு மத்திய அரசு மானியம், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தருகிறார்களே என்று யாராவது சொல்வார்கள். அது தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. எம்.எஸ்சி. வைல்ட்லைஃப் அதில் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் நம்பி இறங்காதீர்கள். என் தோழி ஒருத்தி கடன் கேட்டபோது மேனேஜர் "படிச்சிட்டு யானை வளர்க்கப் போறியாம்மா?" என்று கேட்டாராம். கொடுத்துவிட்டார், அது வேறு.

4 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் தவணை மாதம் 6,640 ரூபாய். 30,000 சம்பளத்தில் கட்டலாம். சம்பளம் இல்லாத மூன்று மாதத்திலும் கட்ட வேண்டுமே, பிரச்சினை அங்கேதான். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கடனே வேண்டாம், கைக்காசில் முடித்துவிடுங்கள். கடன் இல்லாதவர்கள்தான் இந்தத் துறையில் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது நான் கண்ணால் கண்டது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் குறைந்த சம்பளத்தில் பொறுமையாக இருந்து மேலே வருகிறார்கள். தவணை இருப்பவர்கள் இரண்டாவது வருஷம் மெடிக்கல் கோடிங் போய்விடுகிறார்கள். அவர்களில் என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

செம்போத்து, 2024 ஜூன் 2

அண்ணி சார்பாக வந்த கேள்விக்கு. "பொம்பளப் பிள்ளை காட்டுக்குள்ள எப்படி?"

விலங்கைப் பற்றிய பயம் வேண்டாம். கூட வரும் வாட்சர் அண்ணன்களும் பழங்குடி டிராக்கர்களும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தே யானையிடமிருந்து நம்மைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். அவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் இந்த இழை வேறு இழை ஆகிவிடும். கழிப்பறை, மாதவிடாய் நாட்கள், ஒரே முகாமில் ஆண்கள், இரவு டவர் கிடைக்காதது, இதெல்லாம்தான் நிஜமான தொந்தரவு. சேரும் முன் முகாமில் இன்னொரு பெண் இருக்கிறாளா, பூட்டும் அறை இருக்கிறதா, புகார் சொல்ல உள்குழு இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லத் திணறும் இடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

கல்யாணம், குழந்தை வந்தபோதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது. ஒப்பந்த வேலை, மகப்பேறு நேரத்தில் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. திரும்பி வர இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷ வருமானத்தை நான் மே 22-இல் எழுதிய கணக்கில் எங்கேயும் போடவில்லை. போட்டுக்கொள்ளுங்கள்.

செம்போத்து, 2024 ஜூன் 8

பி.எட். ஒப்பீடு. தவிர்த்துவந்தேன், எழுதியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

என்னோடு பி.எஸ்சி. படித்தவள் எம்.எஸ்சி. ஜுவாலஜி, பி.எட். முடித்து, டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் முதுகலை ஆசிரியர் ஆனாள். தொடக்கச் சம்பளம் 36,900, அகவிலைப்படி தனி. மகப்பேறு விடுப்புச் சம்பளத்தோடு. நான் முதல் மூன்று வருஷத்தில் சம்பாதித்தது சுமார் மூன்றரை லட்சம், அடுத்த மூன்று வருஷத்தில் சுமார் ஏழரை லட்சம். ஆறு வருஷத்துக்கு 11 லட்சம். அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் என்னைத் தாண்டிவிட்டாள்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் இந்த ஒப்பீடு எனக்கே உறுத்துகிறது. அவள் தேர்வில் ஜெயித்தவள். லாட்டரி விழுந்தவனைக் காட்டி லாட்டரி லாபம் என்று சொல்வது மாதிரி இருக்கிறது. எங்கள் செட்டில் பி.எட். முடித்த மற்றவர்கள் தனியார் பள்ளிகளில் 12,000, 15,000 வாங்கிக்கொண்டு ஒவ்வொரு டி.ஆர்.பி. அறிவிப்புக்கும் புத்தகத்தைத் தூசி தட்டுகிறார்கள். ஆக, வேலை நிரந்தரம் இல்லாதது இந்தப் பக்கமும்தான். ஒரே வித்தியாசம், அவர்கள் வீட்டில் இருந்தபடி நிரந்தரமில்லாமல் இருந்தார்கள், நான் வால்பாறையில்.

மகளிடம் ஜுவாலஜி எம்.எஸ்சி. எடுத்து ஃபீல்டு அனுபவத்தை ப்ராஜெக்ட்களில் சேர்க்கலாமே என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கல்லூரி, பள்ளி வேலைகளில் எந்தப் பட்டம் எதற்கு இணை என்று அரசாணை பார்ப்பார்கள். வைல்ட்லைஃப் என்று சான்றிதழில் இருந்தால் ஜுவாலஜிக்கு இணையா என்ற கேள்வி ஒவ்வொரு இடத்திலும் வரும். சேருவதற்கு முன் துறைத் தலைவரிடம் அந்த இணைப்பட்ட அரசாணையின் நகலையே கேளுங்கள். "அதெல்லாம் பிரச்சினை வராது" என்பது பதில் இல்லை.

செம்போத்து, 2024 ஜூன் 9

"நீங்கள் இப்போது என்னதான் செய்கிறீர்கள், எவ்வளவு?" நேராகக் கேட்டதற்கு நன்றி. மாதம் 55,000, ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில்.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் சுரங்கம், தொழிற்சாலை, துறைமுகம் எல்லாவற்றுக்கும் அறிக்கை வேண்டும். அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்துக்கு நேபெட் என்ற தர வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும், அதற்குச் சூழலியல்-பல்லுயிர் நிபுணர் என்று ஒருவர் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் நான். காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இந்த அறிக்கை கட்டாயமில்லை, ஆனால் கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கிகள் உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. விதிமுறைப்படி பறவை ஆய்வு கேட்கின்றன. அழியும் நிலையில் உள்ள கானமயில் பறவைகள் மின்கம்பியில் மோதிச் சாகும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் மின்கம்பிகளை நிலத்துக்கடியில் போடச் சொன்னதும், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்திக் குழு அமைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போதிருந்து மின்கம்பி ஓரமாக நடந்து பறவை எண்ண ஆள் தேடுகிறார்கள். இந்தத் துறையில் காசு இருக்கும் மூலை இன்றைக்கு இதுதான்.

மகிழ்ச்சியாக இருக்கிறேனா என்றால், சம்பள நாளன்று. அறிக்கைக்குக் காசு கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவரும் கம்பெனியே. பல திட்டங்களுக்கு ஒரு பருவத் தரவு போதும், மழைக்காலம் தவிர. தவளை வெளியே வருவதே மழையில்தான். மழைக்காலம் தவிர்த்து எண்ணினால் அந்த ஊரில் தவளையே இல்லை என்று நேர்மையாகவே எழுதலாம்! நான் அடிக்குறிப்பில் பருவத்தைத் தெளிவாக எழுதிவைப்பேன். யாராவது ஒருநாள் அடிக்குறிப்பைப் படிப்பார்கள்.

ஆனாலும் படித்த படிப்பைப் பயன்படுத்தித்தான் இந்தச் சம்பளம் வாங்குகிறேன். என் வகுப்பில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் பாதிக்கும் குறைவு.

செம்போத்து, 2024 ஜூன் 10

ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடம் போடுவது), ஆர் (புள்ளியியல் மென்பொருள்). இந்த இரண்டும் கையில் இருந்தால் ப்ராஜெக்ட் இல்லாத மாதங்களிலும் வீட்டிலிருந்து வரைபடம் போட்டுச் சம்பாதிக்கலாம். நான் 30 வயதுக்கு மேல் கற்றேன். மகள் முதல் செமஸ்டரிலேயே தொடங்கட்டும். இரண்டுக்கும் இலவச மென்பொருள் உண்டு, ஜி.ஐ.எஸ்.ஸுக்கு க்யூ.ஜி.ஐ.எஸ். என்று தேடினால் போதும்.

செம்போத்து, 2024 ஜூன் 16

மற்ற வாசல்கள், விட்டுப்போனவை.

கால்நடை மருத்துவம். காடு வேண்டும், சம்பளமும் வேண்டும் என்றால் பிளஸ் டூ முடிக்கும்போதே இதைத்தான் சொல்வேன். அரசு கால்நடை மருத்துவர்களை வனத்துறைக்கு அயல்பணியில் அனுப்புகிறார்கள், யானைக்கு மயக்க ஊசி போடுவது அவர்கள். அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி மாட்டுக்கு ஊசி போடலாம். எங்களுக்கு அப்படி ஊர் இல்லை. உங்கள் மகளுக்கு இந்த வாசல் கடந்துவிட்டது, இழையைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

புலிக் கணக்கெடுப்பு. 2006-இலிருந்து நான்கு வருஷத்துக்கு ஒரு முறை. கடைசியாக 2022-இல், தமிழ்நாட்டுக்கு 306 புலிகள். அடுத்தது 2026. அதை ஒட்டி டேராடூன் நிறுவனம் கொத்தாக ஆள் எடுக்கும். மகள் இந்த வருஷம் சேர்ந்தால் 2026 மத்தியில் முடிப்பாள், நேரம் ஓரளவு பொருந்துகிறது. நம் ஐந்து புலிகள் காப்பகங்களின் அறக்கட்டளைகளும் ஒப்பந்தத்தில் உயிரியலாளர் எடுப்பதுண்டு.

தமிழக அரசின் முதலமைச்சர் பசுமைத் தோழமைத் திட்டத்தில் மாதம் 60,000, பயணப்படி 10,000. மொத்தம் 40 பேர்தான், எம்.பி.ஏ., எஞ்சினியரிங் எல்லோரும் மோதுவார்கள். இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும்.

பெங்களூரு என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில் உள்ள கானுயிர் எம்.எஸ்சி. 2004-இல் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கைவிரல்களை இரண்டு தடவை எண்ணினால் முடிந்துவிடும் அளவுக்கு ஆள் எடுப்பார்கள். அங்கேயோ, டேராடூன் நிறுவனம் நடத்தும் எம்.எஸ்சி.யிலோ இடம் கிடைத்தால் இந்த இழையில் நான் எழுதிய இருட்டில் பாதியைக் கழித்துவிடுங்கள். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அவர்களுடைய சீனியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நியாயமா என்றால் இல்லை. உண்மை.

கரூர் ஜவுளி, 2024 ஜூலை 6

இடம் கிடைத்துவிட்டது, அரசுக் கல்லூரிதான். அரசாணை நகலைக் கேட்டேன், ஆபீசில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், கொடுத்தார்கள். அவள் அம்மா இன்னும் பேசவில்லை. பைனாகுலர் எது வாங்கலாம்? வேறு ஏதாவது இப்போதே செய்ய வேண்டியது உண்டா?

செம்போத்து, 2024 ஜூலை 6, மாலை

நகல் வாங்கினீர்களா! நான் சொல்லி யாரும் செய்ததில்லை.

பைனாகுலர் 8x42, அதாவது 8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ். கடைக்காரர் 10 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அடுத்ததைத் தள்ளுவார், வேண்டாம். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்க்கும் பரப்பு சுருங்கும், மர நிழலில் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். 10,000 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும்.

ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கப் போடும் சாக்ஸைக் கடையில் வாங்க வேண்டாம். நீங்கள் ஜவுளிக்காரர், நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரை பை மாதிரி இரண்டு தைத்துக் கொடுங்கள். அண்ணி தைத்தால் இன்னும் நல்லது, பேச்சு தொடங்கும்.

முக்கியமானது கேட் தேர்வு. அதில் சூழலியல்-பரிணாமத்துக்கென்றே ஈ.ஒய். என்ற தாள் இருக்கிறது. விண்ணப்பம் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். முதல் வருஷமே எழுதட்டும், மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். நெட்டும் எழுதலாம், ஆனால் அங்கே லைஃப் சயின்சஸ் என்று 13 அலகு, சூழலியலுக்கு ஒன்று, பரிணாமத்துக்கும் நடத்தைக்கும் ஒன்று என்று இரண்டு அலகுதான், மீதியில் பெரும்பகுதி செல், மூலக்கூறு, உடலியல். கேட் இவளுக்கு ஏற்றது. 30,000-க்கும் 37,000-க்கும் உள்ள மாதம் 7,000 வித்தியாசம் இந்தத் தேர்வில் இருக்கிறது. பெண்களுக்கு 2024 தேர்வில் விண்ணப்பக் கட்டணம் 900 ரூபாயாக இருந்தது.